கரண்டி பிடிக்க முடியாதவர் சமையல் நிகழ்ச்சி பார்ப்பது ஏன்?

காலை ஐந்தரை மணி. நான் எழுந்துவிட்டேன், விரல்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. முடக்குவாதம் உள்ளவர்கள் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வோம். வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் முக்கி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒருவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டி, ஒரு தேங்கா மூடியத் துருவ முடியல உனக்கு. இதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, மனசு நோகாதா?"

நியாயமான கேள்விதான். இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக உலவுகின்றன. முடியாததைப் பார்த்து ஏங்குகிறாள் பாவம் என்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் வருவது இன்னொன்று: சமையல் வீடியோ பார்த்தால் சந்தோஷ ஹார்மோன் சுரக்கும், நோய் தானாகக் குறையும். இரண்டையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்த அரைமணி நேரத்தில் எனக்குப் பெரும்பாலும் ஏக்கமும் வருவதில்லை, மூட்டு வீக்கமும் குறைவதில்லை. ஆனால் ஏதோ ஒன்று லேசாகிறது. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

நாள்பட்ட நோய் என்றால்

காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்கிறோம், கஞ்சி குடிக்கிறோம், ஐந்தாம் நாள் வேலைக்குப் போகிறோம். நாள்பட்ட நோய் அப்படிப் போவதில்லை. மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். மருந்தால் அடக்கி வைக்கலாம், முழுசாக விரட்ட முடியாது. சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் இந்த வகை.

என்னுடையது முடக்குவாதம். இதை மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து, "இந்த வயசுலயேவா?" என்று கேட்காதவர்கள் குறைவு. தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. முடக்குவாதத்தில், வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. காலையில் விரல் மடங்க அரைமணி, சில நாள் ஒருமணிக்கு மேலும் ஆகும்.

வலியைச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. அசதியைச் சொன்னால்தான் யாருக்கும் புரிவதில்லை. கரன்ட் போனபின் இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேன், இரண்டு லைட், டிவி ஓடும். மிக்ஸியைப் போட்டால் 'பீப்' என்று கத்தி எல்லாமே அணைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு வீட்டில் வெளிச்சம் இருப்பதுதான் தெரியும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உள்ளே இருப்பவர் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் உடம்பு அனேகமாக எல்லா நாளும் இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது.

இந்தக் கணக்கில் சமையல் நிகழ்ச்சி மிகக் குறைந்த கரன்ட் இழுக்கும் சாமான். தொடர் நாடகம் பார்த்தால் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று நினைவில் வைக்க வேண்டும். செய்தி பார்த்தால் ரத்தம் கொதிக்கும். ரசத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நடுவில் கண்ணசந்து எழுந்தால்கூட, ரசம் நுரை கட்டும் இடத்துக்குத்தான் வந்திருக்கும்.

இதுவரை: நாள்பட்ட நோயாளிக்கு வலி, அசதி என்று இரண்டு சுமைகள். சமையல் நிகழ்ச்சி அதிகம் கேட்பதில்லை. ஆனால் குறைவாகக் கேட்பது மட்டுமே இதமாகிவிடாது. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் சக்தி வேண்டாம்தானே.

வலிக்கு ஒரு கதவு உண்டு

கட்டில் காலில் முழங்கால் இடித்துவிட்டால் முதலில் என்ன செய்வோம்? யாரும் சொல்லித் தராமலே கை போய் அந்த இடத்தைத் தேய்க்கும். தேய்த்தால் வலி கொஞ்சம் குறையும். இதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். 'கதவுக் கோட்பாடு' என்று சொல்லலாம். அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் சேதி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்ட வேண்டும். தேய்ப்பதால் வரும் தொடு உணர்ச்சி அந்தக் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்துச் சாத்துகிறது. வலிச் சேதி குறைவாக நுழைகிறது.

இதில் பலர் தவறவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. கதவைக் கீழேயிருந்து மட்டும் சாத்துவதில்லை, மேலேயிருந்தும் சாத்தலாம். மூளையே தண்டுவடத்துக்கு, 'இப்போது இதை அனுப்பாதே' என்று உத்தரவு இறக்குகிறது. எப்போது? கவனம் வேறு ஒன்றில் பிடிபட்டிருக்கும்போது. விளையாடும் பிள்ளை முட்டியில் ரத்தம் வழிவதை வீட்டுக்கு வந்து அம்மா கத்தியபிறகுதான் அழ ஆரம்பிக்கும், பார்த்திருப்பீர்கள். 2012-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் இதைத் தண்டுவடத்தையே ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள்: மனதில் எழுத்துகளை நினைவில் வைக்கும் கடினமான வேலையில் ஆட்கள் மூழ்கியிருந்தபோது, அதே சூடு தண்டுவடத்தில் கிளப்பிய சேதி குறைந்திருந்தது. உடம்பு தானே தயாரிக்கும் அபின் போன்ற வலிநிவாரணிகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

அப்படியானால் "கவனத்தைத் திருப்பினால் வலி போய்விடும்" என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. ஹாம்பர்க்கில் செய்தது கொஞ்ச நேரச் சூடு, நல்ல உடம்புக்காரர்கள், மூளையைப் பிழியும் வேலை. என்னுடையது பதினோரு வருட வலி, எதிரே உளுந்து வடை. கதவு முழுசாகச் சாத்துவதில்லை. ஆனால் ஒருக்களிக்கிறது, அது எனக்குப் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கதவு சாத்தியிருப்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. "டிவி பாக்கும்போது மட்டும் வலிக்கலியா?" என்று கேட்பவர்களுக்காக இந்த வரி.

கடுகு வெடித்த பிறகு உளுந்து

எனக்குக் கதவைவிடப் பெரிய விஷயமாகப் படுவது இது. நாளைக் காலை என் கை எப்படி இருக்கும்? தெரியாது. நேற்று சட்டைப் பட்டன் போட முடிந்தது, இன்று முடியவில்லை, நேற்று நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோயைவிட இந்தத் தெரியாமை ஆளை அதிகமாகத் தின்கிறது.

இது வெறும் புலம்பல் இல்லை. 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒரு சோதனை நடத்தினார்கள். கணினித் திரையில் ஒரு பாறை வரும், அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சின்ன ஷாக். ஷாக் நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது ஆட்களின் படபடப்பு குறைவாக இருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் உச்சத்துக்குப் போனது. அடி விழும் என்று தெரிந்தவர் தயாராகிவிடுகிறார். விழுமா விழாதா என்று நிற்பவர்தான் நடுங்குகிறார். எங்களுக்குத் தினமும் விடிவது அந்தப் பாறையின் மேல்தான்.

இப்போது சமையல் நிகழ்ச்சிக்கு வாருங்கள். எண்ணெய் காய்கிறது. கடுகு போடுகிறார். அது வெடிக்கும் வரை அவரும் காத்திருக்கிறார், நானும் காத்திருக்கிறேன். வெடித்ததும் உளுத்தம்பருப்பு, அது சிவந்ததும் மிளகாய், கடைசியாகக் கறிவேப்பிலை. ஈரம் பட்ட எண்ணெய் ஒரு சத்தம் போடும். இந்த வரிசை மாறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்று தெரிந்தபடியே நடப்பதை மூளை விரும்புகிறது. அடுத்தது என்ன என்று ஊகிப்பது அதன் ஓயாத வேலை. ஊகம் பலிக்கும்போது கொஞ்சம் இளைப்பாறிக்கொள்கிறது.

நிகழ்ச்சி தயாரிப்பவர்களும் இதற்கு உதவுகிறார்கள், வேறு காரணத்துக்காக. "இது ஒரு முக்கால் மணி நேரம் வேகணும்" என்று மூடி போடுவார். அடுத்த ஷாட்டில் வெந்து தயாரான குழம்பு பக்கத்து அடுப்பிலிருந்து வரும். எங்கள் வாழ்க்கையில் முயற்சிக்கும் பலனுக்கும் நடுவே இருப்பதெல்லாம் அந்த முக்கால் மணிதான். அதை ஒருவர் அப்படியே வெட்டி எடுத்துவிடுவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

பிரிட்டனில் 2010-ல் தொடங்கிய 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' நோயாளிகள் மட்டுமல்லாமல் உலகெங்கும் பலர் இதமாகப் பார்க்கும் நிகழ்ச்சி. போட்டிதான், ஆனாலும் பரபரப்பு குறைவு. ஒவ்வொரு வாரமும் அதே கூடாரம், அதே மூன்று சுற்றுகள், அதே வரிசை. ஒருவர் கேக் சரிந்தால் பக்கத்து மேசைக்காரர் ஓடி வந்து பிடிக்கிறார். கேக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்ப்பேன்.

சுருக்கமாக: கவனம் வேறு இடத்தில் இருந்தால் வலியின் கதவு ஒருக்களிக்கிறது. தெரிந்த வரிசையும் நிச்சயமான முடிவும் தெரியாமையின் பதற்றத்திலிருந்து சிறு ஓய்வு தருகின்றன.

திரையில் கை, மடியில் கை

சமையல் நிகழ்ச்சியில் முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் காட்டுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சிக்கலான இடம்.

ஒருமுறை கைமுறுக்கு சுற்றுவதைக் காட்டினார்கள். அரிசி மாவை இடது கையில் உருட்டி வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி இழுத்து, வெள்ளைத் துணிமேல் வட்டமாக இறக்க வேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. முறுக்கு ஒரே கனத்தில் விழ வேண்டும், திரிதிரியாகத் திருகு தெரிய வேண்டும். என் அம்மா ஏழு சுற்று சுற்றுவார். எனக்கு மூன்று வரை வந்தது, அதுவும் நோய்க்கு முன்னால். அந்த அம்மாள் திரையில் சுற்றச் சுற்ற, மடியில் கிடந்த என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் லேசாக உரசிக்கொண்டிருந்ததை விளம்பர இடைவேளையில்தான் கவனித்தேன்.

பிறர் செய்வதைப் பார்க்கும்போது, நாமே அதைச் செய்தால் வேலை செய்யும் மூளைப் பகுதிகள் சில சேர்ந்து விழித்துக்கொள்கின்றன. 1990-களில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளிடம் இதைக் கண்டார்கள். அந்த நரம்பணுக்களுக்குக் 'கண்ணாடி நியூரான்' என்று பெயர். அதன்பின் இந்தப் பெயரை வைத்து அன்பு, கருணை, சினிமா என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிட்டார்கள். பாதிக்கு மேல் மிகை. நமக்கு வேண்டியது சின்ன உண்மை மட்டும்: முன்பு செய்து பழகிய வேலையைப் பார்க்கும்போது உடம்பு அதை முற்றிலும் வெளியாளாகப் பார்ப்பதில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை அசைவுகளை வீடியோவில் காட்டிப் பிறகு செய்யச் சொல்லும் பயிற்சிமுறைகூட இருக்கிறது.

இது எல்லா நாளும் இதமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அன்று முறுக்கைப் பார்த்தபின் சேனலை மாற்றிவிட்டேன். ஊர் சொல்லும் ஏக்கம் முழுப்பொய் இல்லை. வருவதுண்டு, ஆனால் எப்போதாவதுதான்.

எச்சில் ஊறினால் நல்லதா கெட்டதா

சாப்பாட்டைப் பார்த்தாலே வாயில் எச்சில் ஊறுகிறது, வயிற்றில் அமிலம் சுரக்கத் தொடங்குகிறது. உணவு உள்ளே போகுமுன்பே உடம்பு செரிமானத்துக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 'முன்சுரப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களிடம் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். செரிமான ஆய்வுகளுக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கினார்.

அப்படியானால் சாப்பிடக்கூடாதவர் சமையல் பார்ப்பது கொடுமை அல்லவா? என் சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். டயாலிசிஸ் என்பது சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் செய்வது. இயந்திரம் வாரத்தில் சில மணி நேரமே வேலை செய்வதால் நடுவே சேர்வதைக் கட்டுப்படுத்த வேண்டும். இளநீர், வாழைப்பழம், தக்காளி போன்றவற்றில் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் தங்கினால் இதயத் துடிப்பையே குலைக்கும். அதனால் அவருக்குக் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டித்தான் தர வேண்டும். குடிக்கும் தண்ணீரும் டம்ளர் கணக்கு.

அவர் படுத்திருக்கும் வார்டில் சுவரில் ஒரு டிவி. அதில் மதியம் பிரியாணி ஓடும், வரிசையாகப் படுத்திருப்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். "கஷ்டமா இல்லையா சித்தப்பா?" என்று கேட்டேன். "அட போம்மா. கல்யாண வீட்டுல பந்தி நடக்கும்போது வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருக்கமே, அப்பவே எல்லாத்தையும் தின்னுட்டா நிக்கிறோம்? அந்த எடம் நல்லா இருக்குல்ல" என்றார். ஆனால் ஒருநாள் திரையில் பானையிலிருந்து நீர்மோர் ஊற்றினார்கள். பெருங்காயம், மல்லித்தழை, மேலே ஐஸ். மூன்றாம் படுக்கையிலிருந்து ஒரு குரல்: "சிஸ்டர், அத மாத்துங்க." யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பிரியாணி சரி, மோர் கூடாது. ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. பிரியாணி அவர்களுக்கு நினைவு, தாகம் அந்த நிமிடத்து வேதனை. உடம்பு அப்போதே கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டினால் முன்சுரப்பு இதமாகாது, சித்திரவதையாகும். சர்க்கரை நோயாளி பசியோடு உட்கார்ந்து அல்வா கிண்டுவதைப் பார்ப்பதும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கட்டும்.

'நாம' என்கிற வார்த்தை

தமிழ்ச் சமையல் நிகழ்ச்சிகளில் யாரும் "எண்ணெய் ஊற்றுங்கள்" என்று கட்டளை போடுவதில்லை. "இப்ப நாம கொஞ்சம் எண்ணெய் ஊத்திக்கலாம்" என்பார்கள். 'நாங்க' இல்லை, 'நாம'. கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல். டிவியில் சமைத்துக் காட்டும் ரேவதி சண்முகம் பேசும் நிதானத்தில் அதைக் கேட்டால், அடுப்பு பக்கத்தில் நமக்கும் ஒரு மணை போட்டு வைத்திருப்பது போலத் தோன்றும்.

திரையில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவரை நன்றாகத் தெரியும் என்று தோன்றும் இந்த உறவுக்கு 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'ஒருவழி நட்பு' என்று சொல்லலாம். கேலிக்குரியது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1963-ல் தொலைக்காட்சிக்கு வந்த சமையல்காரர் ஜூலியா சைல்ட், ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பும்போது பாதியை அடுப்பின்மேல் தவறவிட்டார்; அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு, சமையலறையில் தனியாக இருக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லித் தொடர்ந்தார். லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, 'தனியாக' என்றார். ஒவ்வொருவருக்கும் அது தன்னிடம் மட்டும் சொன்னதாகவே பட்டது.

நோயாளிக்கு இந்த ஒருவழித்தன்மையே வசதி. பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும், சிரித்த முகம் காட்ட வேண்டும், அதற்கும் இன்வெர்ட்டர்தான் செலவாகும். "முடக்கத்தான் கீரை சாப்பிட்டுப் பாத்தியா?" என்று இதுவரை என்னிடம் கேட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் தெருமுனை தாண்டும். முடக்கத்தான் தோசை செய்து காட்டிய சமையல்காரர் மட்டும் என் மூட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. மொறுமொறுவென்று வர வேண்டும் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

யாருக்கு எது, எப்போது உதவாது

கடிகாரத்தைக் காட்டிக் கத்தும் போட்டிகள் எனக்கு ஒத்துவராது. அதில் முடிவு தெரியாது, பாறைக்கடியில் பாம்பு மறுபடி வந்துவிடும். ஆனால் விஜய் டிவியில் 2019-ல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'யில் கடிகாரம் ஓடினாலும் கோமாளிகள் எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டிருப்பதால் தோல்விக்கு மதிப்பே இல்லாமல் போய்விடுகிறது. சித்தப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு.

மருந்துக்குப் பதில் இது என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டை அரிக்கும் அழற்சியை எந்தச் சமையல்காரராலும் நிறுத்த முடியாது. என் விஷயத்தில் அதைச் செய்வது வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட். நோய் சீறிக்கொண்டு எழும் இரவுகளில் டிவி ஓடிக்கொண்டேதான் இருக்கும். என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கதவு அன்று அகலத் திறந்து கிடக்கும். மறுநாள் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாத்திரையை நான் ஞாயிறு ராத்திரி போடுகிறேன். திங்கள் முழுக்கக் குமட்டும். அன்றைக்கு மட்டும் மீன் கழுவ ஆரம்பித்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். செவ்வாய்க்கிழமை மறுஒளிபரப்பு வரும்.